கோடை உழவும் கோடை வாசிப்பும்

(செங்கற்பட்டு மாவட்டத்தின் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு, ஏரி மராமத்து ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். பிள்ளைகள் என்றால் பாலர் பள்ளிக்குச் செல்லும் சிறுவர்களை நான் குறிப்பிடவில்லை. மீசை அரும்பும் பருவத்துப் பையன்களையும், தாவணி வயதுப் பெண்களையும், அதாவது பதின்மூன்று வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களையே குறிப்பிடுகிறேன்.

'கோடை உழவு கோடி நன்மை' என்பது நம் முன்னோர் வாக்கு. அறுவடை முடிந்த நிலத்தைச் சும்மா போட்டு வைத்தால் அது வெயிலில் இறுகிக் கட்டாந்தரை ஆகிவிடும். பிறகு பெய்யும் மழை உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிப் போகும். சித்திரையில் ஒரு மழை விழுந்தவுடன் ஓர் உழவு ஓட்டிப் போட்டால், களையின் வேர் காய்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் புழுவும் கூட்டுப்புழுவும் வெளியே வந்து பறவைக்கு இரையாகின்றன. அடுத்த மழை முழுவதும் நிலத்துக்குள் தங்குகிறது. இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நிலத்துக்கு நாம் செய்யும் இந்த உபகாரத்தை நம் பிள்ளைகளுக்குச் செய்கிறோமா என்பதே என் கேள்வி.

ஏப்ரல் மாதம் தேர்வு முடிகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. இடையில் ஏறக்குறைய ஐம்பது, அறுபது நாட்கள் உள்ளன. கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் என்று அரசாங்கம் விதித்திருக்கிறது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு வளர்வதற்குக் கடலுக்கு அந்த அவகாசம் வேண்டும் என்று நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதே நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில் அவர்கள் வளர்கிறார்களா, தேய்கிறார்களா என்பதை நாம் கவனிப்பதில்லை.

நான் பணியாற்றிய வட்டாரமொன்றில் ஒரு விவசாயியின் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினான். முடிவு வரும் வரை வீட்டில் எதற்குச் சும்மா இருக்க வேண்டும் என்று, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கட்டட வேலைக்கு ஒரு மேஸ்திரியோடு அவனை அனுப்பினார்கள். தேர்வு முடிவு வந்தது. ஒரு பாடத்தில் தவறிவிட்டான். துணைத் தேர்வு எழுதினால் அந்த ஆண்டே மேல் வகுப்பில் சேர்ந்திருக்கலாம். ஆனால் அதற்குள் அவன் கையில் கூலிப் பணம் புழங்கத் தொடங்கிவிட்டது. புத்தகத்தைத் தொட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. துணைத் தேர்வு வந்ததும் போனதும் அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பையன் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஊராட்சியின் நூலகக் கட்டடம் இருந்தது. அது பூட்டிக் கிடந்தது. உள்ளே பழைய தேர்தல் சாமான்களும் ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகளும் இருந்தன. அந்தக் கட்டடத்தை ஆய்வு செய்து 'நல்ல நிலையில் உள்ளது' என்று குறிப்பு எழுதியவன் நானே. கட்டடம் நல்ல நிலையில்தான் இருந்தது. அதை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெண் பிள்ளைகளின் நிலையும் நீங்கள் அறியாததன்று. பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் பேசப்படாத கலியாணப் பேச்சு கோடை விடுமுறையில்தான் எழுகிறது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் செய்வது சட்டப்படி குற்றம் என்று தெரிந்தவர்களும், 'வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்' என்று தொடங்குகிறார்கள். இந்தச் 'சும்மா' என்னும் சொல்லே நம் பிள்ளைகளுக்குக் கோடையில் வரும் பெரிய ஆபத்து.

விடுமுறையில் படிப்பு தேய்வது உலகெங்கும் உள்ள விஷயமே. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் பார்பரா ஹெய்ன்ஸ் என்னும் அம்மையார், அட்லாண்டா நகரத்து மாணவர்களை ஆராய்ந்து 1978-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளி நடக்கும் மாதங்களைக் காட்டிலும் விடுமுறை மாதங்களில்தான் ஏழைப் பிள்ளைக்கும் வசதியுள்ள பிள்ளைக்கும் இடையே உள்ள வித்தியாசம் மிகுதியாக வளர்கிறது என்று அவர் கண்டார். அதை ஈடு செய்வதில் பொது நூலகம் போல உதவிய பொது நிறுவனம் வேறொன்றில்லை என்றும் கண்டார். வசதியுள்ள வீட்டில் புத்தகம் இருக்கிறது. கோடை வகுப்புக்குப் பணம் இருக்கிறது. நம் குப்பத்திலும் காலனியிலும் இருக்கிற பிள்ளைக்கு ஊராட்சி நூலகத்தை விட்டால் வேறு கதி ஏது?

இனி, அந்த நூலகம் யாருடையது என்பதைப் பார்ப்போம். பலர் அது அரசாங்கம் இனாமாகக் கொடுத்தது என்று எண்ணுகிறார்கள். அது தவறு. சீர்காழியில் பிறந்தவரும், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனவருமான எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் இடைவிடாத முயற்சியால், 1948-ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாநிலம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுவே. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. தொடக்கத்தில் ரூபாய்க்கு ஆறு பைசாவாக இருந்த அவ்வரி (அக்காலத்தில் ரூபாய்க்கு 192 பைசா), இன்று ரூபாய்க்குப் பத்துக் காசாக இருக்கிறது. வீட்டு வரி நூறு ரூபாய் கட்டுகிறவர் நூலகத்துக்காகப் பத்து ரூபாய் கட்டுகிறார். ஊராட்சி அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்துகிறது. கூரை வீட்டுக்காரரும் கட்டுகிறார். மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் தன் வீட்டுக்கு வரி கட்டுகிறபோது நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறாள். ஆகவே நூலகம் நமக்கு வந்த தானம் அன்று. நாம் காசு கொடுத்து வாங்கிய உரிமை.

இந்தச் சட்டம் நாட்டுப்புறங்களில் வேரூன்றியதில் நம் மண்ணின் மைந்தர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள், 1954 முதல் பொதுக் கல்வி இயக்குநராக இருந்தார். பள்ளி மதிய உணவுத் திட்டத்தோடு அவர் பெயரை நாம் நினைவு கூர்கிறோம். அந்நாட்களில் கல்வி இயக்குநரே நூலக இயக்குநராகவும் இருந்தமையால், ஊர்தோறும் நூலகம் பரவுவதிலும் அவர் சிரத்தை எடுத்துக்கொண்டார். நூலகத்துக்கெனத் தனித் துறை ஏற்பட்டது 1972-இல்தான்.

சட்டத்துக்கு முன்பே இந்த ஆர்வம் இருந்ததற்கும் சான்றுண்டு. 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில் கனகசபை என்னும் அன்பர், மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராகக் கொண்டு செல்லும் நூலகத்தை ஏற்படுத்தினார். சாலையும் விளக்கும் இல்லாத காலத்தில் ஒரு வண்டியும் ஒரு ஜோடி மாடும் கொண்டு செய்த காரியத்தை, கட்டடமும் மின்விசிறியும் உள்ள நாம் செய்ய இயலாது என்றால் யார் நம்புவார்கள்?

கட்டடம் நம்மிடம் உண்டு. 2006-07 முதல் ஐந்தாண்டுகள் நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், மாநிலத்தின் 12,618 கிராம ஊராட்சிகளுக்கும் நூலகம் என்பது ஓர் அங்கமாக இருந்தது. நூலகத் துறை நடத்தும் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் வேறு. ஊராட்சியே பொறுப்பேற்று நடத்த வேண்டிய இந்நூலகம் வேறு. முதல் வகைக்கு நூலகர் இருக்கிறார். இரண்டாம் வகைக்கு நாம்தான் இருக்கிறோம். அதன் சாவி எங்கே இருக்கிறது என்று இன்று மாலை ஊருக்குச் சென்றதும் ஒவ்வொரு தலைவரும் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடற்கரை ஓரத்து ஊராட்சி ஒன்றில் இம்முயற்சியைச் செய்து பார்த்தோம். வெற்றியை மட்டும் சொன்னால் உங்களுக்குப் பயன் இராது. ஆகவே நாங்கள் செய்த பிழைகளையும் சொல்கிறேன்.

கட்டடத்தைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, மே மாதம் முதல் வாரத்தில் திறந்தோம். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை என்று பலகை எழுதினோம். ஒரு வாரம் சென்றது, ஒருவரும் வரவில்லை. கத்திரி வெயிலில் நண்பகலில் எந்தப் பிள்ளை வெளியே வரும்? அன்றியும் அந்த ஊரில் பையன்கள் விடியற்காலையில் கரையில் வலை பிரிக்கவும் மீன் தூக்கவும் போகிறார்கள்; பெண்கள் காலை முழுவதும் தண்ணீருக்கும் சமையலுக்கும் உதவுகிறார்கள். அவர்களுக்கு ஒழிந்த நேரம் மாலை நாலரைக்கு மேல்தான். நேரத்தை மாலை நாலரை முதல் ஏழரை வரை என்று மாற்றினோம். அப்போதுதான் ஆள் நடமாட்டம் தொடங்கிற்று.

இரண்டாவது பிழை, அலமாரியில் இருந்த நூல்கள். போட்டித் தேர்வுக் கையேடுகளும், யாரோ நன்கொடையாகத் தள்ளிவிட்ட பழைய பாடப் புத்தகங்களும் கண்ணுக்கு நேரே இருந்தன. தேர்வு எழுதிக் களைத்து வந்த பிள்ளைக்கு மறுபடியும் தேர்வுப் புத்தகத்தையே நீட்டினால் அவன் ஓடத்தான் செய்வான். கதை, வாழ்க்கை வரலாறு, பறவை, கடல், விண்வெளி பற்றிய நூல்களை முன்வரிசைக்குக் கொண்டு வந்தோம்.

மூன்றாவது பிழை, படித்ததைச் சுருக்கி எழுதிக் காட்டினால் பரிசு என்று நான் அறிவித்தது. நல்ல எண்ணத்தோடுதான் அறிவித்தேன். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் மறுநாள் முதல் வரவில்லை. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், 'ஐயா, இங்கேயும் மதிப்பெண் போட்டால் அது பள்ளிக்கூடம் ஆகிவிடும்' என்று என்னிடம் சொன்னார். பரிசை விட்டுவிட்டோம். அந்த அம்மையார் தினமும் ஒரு மணி நேரம் உரக்கப் படித்தார்; சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியை அவர்களே படிக்கும்படி விட்டார். எழுத்துக் கூட்டுகிறவர்களும் மறுபடி வந்தார்கள்.

நான்காவதாக, நூலை வீட்டுக்குக் கொடுக்க நாங்கள் தயங்கினோம். தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற அச்சம். ஆனால் நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பதைத் தம் முதல் விதியாக ரங்கநாதன் அவர்கள் 1931-இலேயே வகுத்தார். பூட்டிய அலமாரியில் கரையான் தின்ற நூலுக்குத் தணிக்கையில் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு பிள்ளை படித்துக் கிழித்த நூலுக்கு மட்டும் ஏன் அஞ்ச வேண்டும்? கொடுத்தோம். சில நூல்கள் திரும்பி வரவில்லை. வந்தவற்றுள் சிலவற்றில் மீன் வாடை அடித்தது. அவை வீட்டில் அடுப்படியிலும் படகு நிழலிலும் வாசிக்கப்பட்டன என்பதற்கு அதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

அடுத்து, எந்த நூலைக் கொடுப்பது என்ற கேள்வி. இதற்கு என் அனுபவம் கற்பித்த முறை ஒன்றே: முதலில் தன் ஊரைப் பற்றிப் பேசும் நூலைக் கொடுங்கள், பிறகு தன் தொழிலைப் பற்றிய நூல், அதற்குப் பிறகு உலகம்.

நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த கோடையில், கிளை நூலகத்து நூலகர் ஒருவர் என் கையில் 'பார்த்திபன் கனவு' நூலைத் திணித்தார். மூன்றே நாளில் முடித்துவிட்டு, மிதிவண்டியை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் சென்றேன். அதற்கு முன்பும் அங்கே பல முறை சென்றதுண்டு. ஆனால் அன்றுதான் அந்தக் கற்களைப் பார்த்தேன். அந்த நூலகர் என்னிடம் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆயினும் என் படிப்பு அன்றுதான் தொடங்கிற்று என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு முதலில் கல்கியின் 'பார்த்திபன் கனவு', அது சிறியது. அதில் ருசி கண்டவர்களுக்கு 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்த இக்கதையின் எண்ணம், மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி. கே. சி. அவர்களோடு அமர்ந்திருந்தபோது உதித்ததென்று கல்கியே எழுதியிருக்கிறார். கதையைப் படித்த பிள்ளைகளை ஒரு நாள் சாளுவன்குப்பத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு அங்கே மணலுக்கடியிலிருந்து பழைய முருகன் கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது. கதை எது, சரித்திரம் எது என்று பிரித்தறியும் பழக்கம் அவர்களுக்கு அங்கே உண்டாகும். அகழாய்வில் ஆர்வம் கொண்ட சிறுவர்களுக்குக் கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' ஏற்றது. 2023-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்ற நாவல் அது.

இரண்டாவது, நம் மாவட்டத்து மனிதர். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1893-இல் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்காகப் பேசியவர். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு வீற்றிருந்தவர். அவரது 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறிய நூல். நம் ஊர்ப் பையன் ஒருவன் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை அது காட்டும். அதனோடு உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலிலிருந்து இளமைப் பருவ அத்தியாயங்களைச் சேர்த்துப் படிக்கலாம். படிப்பதற்கு ஆசிரியரையும் நூலையும் தேடி ஊர் ஊராக அலைந்த ஒருவரின் கதை அது.

மூன்றாவது, தொழில். மீனவர் வாழ்க்கையை வைத்து ராஜம் கிருஷ்ணன் 'அலைவாய்க்கரையில்' என்றும், உப்பளத் தொழிலாளரை வைத்துக் 'கரிப்பு மணிகள்' என்றும் எழுதியிருக்கிறார். இவை தென்கடற்கரையைச் சார்ந்தவை. எனினும் கேளம்பாக்கத்து உப்பளத்தைக் கண்ட பிள்ளைக்கு ஒரு வரியும் அந்நியமாக இராது. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இவற்றைக் கொடுக்கலாம். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு ஜப்பானிய உழவர் ஃபுகுவோகா எழுதிய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' தமிழில் கிடைக்கிறது. அதில் உள்ளதை எல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. தகப்பனும் மகனும் களத்து மேட்டில் உட்கார்ந்து அதைப் பற்றி வாதம் செய்தாலே போதும்.

நான்காவது, இயற்கை. வேடந்தாங்கலின் பறவைகளை அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் நெல்லுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவம். வடநெம்மேலியில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நம் மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இத்தகைய மண்ணில் வளரும் பிள்ளைகளுக்கு மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்', தியடோர் பாஸ்கரனின் 'வானில் பறக்கும் புள்ளெலாம்', கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' ஆகியவற்றைக் கொடுங்கள். 'பிஞ்சுகள்' ஒரே மாலையில் படித்து முடிக்கத்தக்கது. வாசிப்பில் தயக்கம் உள்ள பையனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

கேள்வி கேட்கும் பெண் பிள்ளைக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா' என்னும் சிறுகதை. அதைப் படித்த ஆசிரியர்களும் பெற்றோர்களும் பிள்ளையின் கேள்விக்குக் கை ஓங்க யோசிப்பார்கள். உலகத்தைக் காட்டுவதற்கு 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' என்னும் ஜப்பானிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்பு. ஓடாத ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட ஒரு பள்ளியின் உண்மைக் கதை அது. அங்கே ஒரு ரயில் பெட்டியே நூலகமாகவும் ஆகிறது. நல்ல நூலகத்துக்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை என்பதை நாமும் அதிலிருந்து கற்கலாம்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், நூலகம் தங்களுக்கு அப்பாற்பட்டது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நான் முன்பு சொன்ன ஊரில், வாரத்துக்கு ஒரு மாலை ஒரு மூத்த மீனவரையோ ஒரு மூத்த விவசாயியையோ அழைத்தோம். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றுக்கு எத்தனை பெயர், நீரோட்டத்துக்கு எத்தனை பெயர், முன்பு இந்த ஊரில் விளைந்த நெல் வகைகள் எவை என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. அந்த நோட்டையும் அட்டை போட்டு அலமாரியில் வைத்தோம். அதைத் தடவிப் பார்ப்பதற்காகவே ஒரு பெரியவர் நூலகத்தின் படி ஏறினார். தன் பேரன் எழுத்தில் தன் பேச்சு இருக்கிறது என்பதைக் கண்ட பிறகு, பேரனை நூலகத்துக்குப் போகாதே என்று அவர் எவ்வாறு சொல்வார்?

ஆட்சேபங்களும் வரும். 'கைப்பேசி இருக்கும்போது புத்தகம் எதற்கு?' என்பார்கள். கைப்பேசியைப் பகைக்க வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் எத்தனையோ தமிழ் நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆனால் கைப்பேசியில் தேடுகிறவனுக்குத் தான் எதைத் தேட வேண்டும் என்பது முதலில் தெரிய வேண்டும். அந்த ருசியை உண்டாக்குவது அலமாரியும், அதன் அருகே நிற்கும் ஒரு மனிதருமே.

'கதைப் புத்தகம் படித்தால் மதிப்பெண் வருமா?' என்பது அடுத்த கேள்வி. பாடப் புத்தகமும் எழுத்தால் ஆனதுதானே! தடையின்றிப் படிக்கத் தெரியாத பிள்ளை கணக்கையும் அறிவியலையும் எவ்வாறு விளங்கிக்கொள்ளும்? அரசுப் பள்ளிகளில் 2023-ஆம் ஆண்டில் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக நூல்களை வகுத்ததன் கருத்தும் இதுவே. பத்தாம் வகுப்புப் பிள்ளை 'நட' என்ற படியில் இருந்தால் அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அந்தப் படியிலேயே அவனை விட்டுவிட்டால் நாம்தான் வெட்கப்பட வேண்டும்.

'பெண் பிள்ளையை மாலையில் எப்படி அனுப்புவது?' என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை அனுப்பாமல் இருப்பதன்று. வழியில் விளக்குப் போடுவது. நூலகத்துக்குச் செல்லும் தெருவில் எரியாத விளக்கை எரியச் செய்வதும், மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒருவரை நூலகப் பொறுப்பில் அமர்த்துவதும், கழிப்பறைக்குத் தண்ணீர் விடுவதும் ஊராட்சியின் வேலை. வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கு என்றே ஒதுக்கினால், முதலில் தயங்குகிற தாய்மார்களும் கூடவே வந்து உட்காருவார்கள்.

நிறைவாக, நீங்கள் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன். மார்ச் 22-ஆம் நாள் கிராம சபையில் கோடை நூலகம் பற்றித் தீர்மானம் கொண்டு வாருங்கள். ஏப்ரலில் கட்டடத்தைச் சுத்தம் செய்து, விளக்கு, விசிறி, குடிநீர் ஆகியவற்றைச் சீர் செய்யுங்கள். அருகிலுள்ள கிளை நூலகத்து நூலகரை நேரில் கண்டு, நூல் தேர்விலும் உறுப்பினர் சேர்க்கையிலும் அவர் உதவியைக் கேளுங்கள். ஊரில் உள்ள ஓய்வு பெற்ற ஆசிரியர், கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் மாணவி, இவர்களில் நால்வரைப் பிடித்து மாலை முறை வகுத்துக்கொள்ளுங்கள். வசதியுள்ளவர்களை ஆயிரம் ரூபாய் செலுத்தி நூலகப் புரவலராகச் சேரும்படி சொல்லுங்கள். திருவிழாவுக்கு நன்கொடை தருகிற கை இதற்கும் தரும். மே முதல் நாள் கிராம சபை கூடுகிறது. அந்தக் கூட்டம் முடிந்தவுடன் எல்லோருமாக நடந்து சென்று, ஊரின் மிக இளைய வாசகி ஒருத்தியின் கையால் நூலகத்தைத் திறந்து வையுங்கள். தேர்வில் தவறிய பிள்ளைகளின் பெயர்களை முடிவு வந்த அன்றே தெரிந்துகொண்டு, துணைத் தேர்வு வரை அவர்கள் உட்கார்ந்து படிக்க அங்கே ஒரு மேசையை ஒதுக்குங்கள். இந்தக் கடைசிக் காரியத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்டை மாநிலமான கேரளத்தில் 1945-இல் பி. என். பணிக்கர் என்னும் ஆசிரியர் 47 நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அது ஊர்தோறும் நூலகம் என்னும் பேரியக்கமாக வளர்ந்தது. அவர் மறைந்த ஜூன் 19-ஆம் நாளை அங்கே வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். அவர் தொடங்கியபோது அவரிடம் அதிகாரமும் இல்லை, நிதியும் இல்லை. நம்மிடமோ சட்டம் இருக்கிறது, வரி இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் இருக்கிறது.

அன்பர்களே! கட்டட வேலைக்குப் போன அந்தப் பையனை அண்மையில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் கண்டேன். இப்போது அவனும் ஒரு மேஸ்திரி. நன்றாகச் சம்பாதிக்கிறான்; உழைப்பில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் அவன் என்னிடம் கேட்டது இது: 'சார், எங்கள் ஊர் லைப்ரரியைத் திறந்துவிட்டீர்களாமே? என் மகள் போகிறாள்.' அவனுக்குத் திறக்காத கதவு அவன் மகளுக்குத் திறந்தது. ஒரு தலைமுறை தாமதமாகத் திறந்தது. உங்கள் ஊரில் அந்தத் தாமதம் வேண்டாம்.

சித்திரை மழை விழுந்ததும் ஏரைப் பூட்டுகிறீர்கள். அன்றைக்கே நூலகத்தின் பூட்டையும் திறந்துவிடுங்கள்.